ஆற்றை விட்டு வந்த இரும்புப் பாலம்

"கச்சால்னு ஒரு ஊரே இல்லைன்னு நினைச்சுக்க, தமிழு."

"நினைச்சுக்கிட்டா சரியாப் போச்சா?"

"அந்தப் பக்கம் கப்பல் ஏற என்னால முடியாது. விட்டுடு."

சுனாமிக்கு அடுத்த மாதம், போர்ட் பிளேர் முகாமில் அவள் கணவன் சிவப்பிரகாசம் சொன்னது இது. அதன்பின் தமிழரசி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நிக்கோபாரில், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக் கரையில்தான் அவள் அம்மா சொர்ணம்மாவை அலை கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அங்கே போய் ஒரு சூடம் ஏற்ற வேண்டும். நான்கைந்து வருடங்களாகத் தொண்டை வரை வந்து திரும்பும் ஆசை.

இன்று, புரோத்ராபூர் தாண்டி உப்பங்கழியின் மேல் நிற்கும் பழைய இரும்புப் பாலத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். பழுதுபார்க்கும் வேலையில் சிவப்பிரகாசம் தனியாக நின்றான், ஹெல்பர் வரவில்லை.

"நல்ல நேரத்துல வந்தே. நான் இந்தப் பக்கம் சுத்தியால தட்டுறேன், நீ அந்தப் பக்கம் ரிவெட் ஆணி மேல கையை வை. லூஸா இருந்தா துடிக்கும்."

"சோறு கொண்டாந்தவளுக்கு வேலை வேறயா?"

"ஹாஜிரி ஏட்டுல உன் பேரையும் எழுதிக் கூலி போட்டுடறேன், மேடம்!"

தட்டினான். துடிக்கவில்லை. அடுத்ததும் அசையவில்லை. ஒவ்வொரு தகட்டிலும் உளியால் வெட்டிய எண் இருந்தது.

"இது எதுக்கு?"

"இது இங்கே பொறந்த பாலம் இல்லை, புள்ள. கல்கத்தாவில ஏதோ ஆத்து மேல நின்னதாம். அங்கே பெரிய பாலம் வந்ததும் துண்டு துண்டாக் கழற்றி, நம்பர் வெட்டி, கப்பல்ல ஏத்திட்டாங்க. இங்கே வந்து ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சி ஒருத்தன் வீச, இன்னொருத்தன் வாளியில பிடிச்சானாம். ஆறும்போது அது சுருங்கி ரெண்டு தகட்டையும் இறுக்கிக்கும்."

"அந்த அலை வந்தப்போ?"

"ரெண்டு பக்கமும் ரோடு போச்சு. இது நின்னுச்சு."

அவள் அண்ணாந்து பார்த்தாள். குறுக்கும் நெடுக்குமாக இரும்பு, அதன் இடைவெளியெல்லாம் வானம். ஆற்றுத் தண்ணீருக்கென்று செய்தது. கடலே வந்து மோதியும் நின்றிருக்கிறது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அவன் அடுத்த ரிவெட்டைத் தட்டினான். அவள் உள்ளங்கைக்குள் ஏதோ சிட்டுக்குருவி போலத் துடித்தது.

"ஐயோ, இது ஆடுதுங்க!"

அவன் சுற்றி வந்து, அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான்.

"பயப்படாதே. ஒண்ணு தளர்ந்தா பக்கத்துல இருக்கிறது தாங்கிக்கும். அப்படித்தான் கட்டியிருக்காங்க."

அவள் கையை எடுக்கவில்லை.

"என்னைக் கச்சாலுக்குக் கூட்டிட்டுப் போங்க. அம்மாவுக்கு ஒரு சூடம் ஏத்தணும். நீங்க பக்கத்துல நிக்கணும்."