ஒரு சாண் வெள்ளம்

ஏழாவது மாடியில் உட்கார்ந்திருக்கிற ஐயா, இத்தனைக்கும் நீங்கள்தான் காரணம். சர்வேயர் வந்து பார்க்கும்வரை சேதம் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்று விதி போட்டது உங்கள் இன்சூரன்ஸ் வாரியம். மாவட்டத்துக்கே ஒரு சர்வேயர். அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்கும் தாளைப் பதிமூன்று மாதம் மேசையில் போட்டு வைத்திருந்தது நீங்கள்.

சேதம் சட்டத்தை மதிக்கும். கார்த்திகை வெள்ளம் வடிந்த அன்று, இன்சூரன்ஸ் இல்லாத கடைகளின் தண்ணீரெல்லாம் ஆற்றோடு போய்விட்டது. மரியபுஷ்பத்தின் மெத்தைக் கடையில் மட்டும் அது நாலடி உயரத்துக்கு நின்றது. வாசலில் கதவு திறந்துதான் கிடந்தது. ஒரு சொட்டுகூடத் தெருவுக்கு வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் தினமும் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்.

புஷ்பம் இலவம்பஞ்சைத் தலைச்சுமையாக விற்று முன்னுக்கு வந்தவள். கடைத்தெருவில் பேரத்தில் அவளை ஜெயித்த ஆள் கிடையாது. விலை படியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்து அடி நடப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒன்பதாவது அடிக்குள் எதிராளி கூப்பிட்டுவிடுவான். அவ்வளவுதான் அவள் படித்த படிப்பு.

தை பிறக்க மூன்று வாரம் இருந்தபோது சர்வேயர் கிருபாநிதி வந்து சேர்ந்தார். ஒரு தை ஏற்கெனவே தண்ணீருக்குள் போயிருந்தது. இந்தக் கல்யாண சீசனையும் விட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அவர் கால்சட்டையை மடக்கிக்கொண்டு இறங்கினார், அளவுகோலை ஊன்றினார், வழக்கப்படி கொஞ்சம் குறைத்து ‘மூன்றடி’ என்று எழுதினார். தண்ணீர் ஓரடி இறங்கியது. அது விட்டுப்போன தட்டில் இருந்த மெத்தைகள் தைத்த அன்று இருந்தது போலவே காய்ந்து கிடந்தன.

புஷ்பத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“ஏய்யா, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? மூணடியாம்லா! நாலரை எழுதுங்க!”

கிருபாநிதி இளகின மனசுக்காரர். மூன்றை அடித்துவிட்டு நாலரை என்று எழுதினார். தண்ணீர் ஒன்றரை அடி ஏறியது. காய்ந்த மெத்தைகள் மறுபடி நனைந்தன. பதிமூன்று மாதமாகத் தப்பியிருந்த மேல்தட்டுத் தலையணைகளும் நனைந்தன.

புஷ்பம் அந்தத் தலையணைகளைப் பார்த்தாள். பிறகு பேனாவைப் பார்த்தாள்.

“தம்பி,” என்றாள், குரலை இறக்கி. “இங்க வெள்ளமே வரலன்னு எழுதுங்க.”

“வெள்ளம்னு அரசாங்கமே அறிவிச்சிருக்கு, அக்கா. ஒண்ணுமில்லன்னு எழுதினா என் லைசென்ஸ் போயிரும். மூணடிக்குக் கீழ வராது.”

“ஓரடி.”

“ரெண்டே முக்கால்.”

“நீங்க சர்வேயரா, கருவாட்டு ஏவாரியா?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். ஒன்பதாவது அடியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அக்கா! ஒரு சாண். அதுக்குக் கீழ கேக்காதீங்க, நான் பிள்ளகுட்டிக்காரன்.”

எழுதினார். ஒரு சாண் போக மிச்சத் தண்ணீர் இல்லாமல் போனது. கடை முழுக்கப் புதுப்பஞ்சு வாசம் அடித்தது.

“முதல் ஒரு சாண் பாலிசிதாரர் பங்கு. விதி பதினொண்ணு,” என்றார் கிருபாநிதி, தாளை மடித்துக்கொண்டே. “அத நீங்கதான் தாங்கணும். மேலிடத்துல கையெழுத்தாகிற வரைக்கும்.”

அந்த ஒரு சாண் தண்ணீர் வாசற்படி இறங்கி வந்து புஷ்பத்தின் காலைச் சுற்றி நின்றது. அவள் நடந்தால் நடந்தது. படியேறினால் ஏறியது. கடைக்குள் அவள் ஒரு கால் வைத்தால் அடிவரிசை மெத்தையெல்லாம் ஊறிவிடும். ஆகவே எதிர்வரிசையில் நின்று விலை கத்தினாள். பெண்வீட்டார் வந்தார்கள். கடைக்காரி கையால் அமுக்கிக் காட்டாத மெத்தையை யார் வாங்குவார்கள்? போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் பஸ் ஏறினாள். கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, “கூடவே ஒட்டிட்டு வர்றதுக்கு லக்கேஜ் டிக்கெட் கிடையாது,” என்றார்.

உங்கள் ஏழாவது மாடி வராந்தாவில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். புயலில் கூரை போன ஒரு அம்மாளுக்குக் காற்றே இல்லாத இடத்தில் தலைமுடி பறந்துகொண்டிருந்தது. தீப்பெட்டிக் கிடங்கு வைத்திருந்த சங்கரலிங்கத்தின் இடது தோளில் கையளவு தீ எரிந்தது.

“தாயி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க,” என்றார் அவர். “ரெண்டு கேசும் கலந்துட்டா ரெண்டும் தள்ளுபடி ஆயிரும்.”

“எத்தனை நாளா இருக்கீங்க அண்ணாச்சி?”

“ரெண்டு வருசம். மார்கழிக் குளிருக்கு இதமாத்தான் இருக்கு.”

“இந்த இதத்தைக் காட்டித்தான் உங்கள உக்கார வச்சிருக்கான்,” என்றாள் புஷ்பம். சங்கரலிங்கம் தன் தோளில் எரிகிற தீயைத் திரும்பிப் பார்த்தார்.

மத்தியானம் பியூன் வந்தார். “ஐயா நாளைக்கு வரச் சொல்றாரு. ஒரு சாண்தானே, பழகிக்கச் சொல்றாரு.”

புஷ்பம் எழுந்து உங்கள் சாத்திய கதவுக்கு நேரே நின்றாள்.

“பழகிக்கவா? பன்னெண்டு வருசம் தலையில மூட்டை சுமந்தேன், அந்தக் கழுத்து வலியே எனக்கு இன்னும் பழகல. நான் துட்டு கேட்டு வரல. என் கடைக்குள்ள நான் கால் வைக்கணும். ஒரு கையெழுத்து. போடுவீங்களா, மாட்டீங்களா?”

கதவு திறக்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

ஐயா, இப்போது அவள் நடந்துகொண்டிருக்கிறாள். தண்ணீர் அவளோடு போகவில்லை. காய்ந்த பாதம் தரையில் படும் சத்தம் கேட்கிறது. பாலிசிதாரர் பேரத்தை விட்டுப் போனால் மிச்சச் சேதம் கேசைத் தீர்க்காத அதிகாரியின் பங்கு. அதுவும் உங்கள் விதிதான். தண்ணீர் உங்கள் கதவடியில் நுழைந்து நாற்காலிக் காலைச் சுற்றி நிற்கிறது. பியூன் உங்கள் செருப்பை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

ஏழாவது அடி வைத்துவிட்டாள். எட்டாவது அடியும் வைத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் சங்கரலிங்கம் எழுந்திருக்கிறார். தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு, உங்கள் கதவுக்கு முதுகைக் காட்டி முதல் அடி வைக்கிறார். தீ அவரோடு போகவில்லை. முடி பறக்கிற அம்மாளும் செருப்பைத் தேடுகிறாள்.

கூப்பிடுங்கள் ஐயா. நாற்பது கையெழுத்தையும் இப்போதே போடுங்கள்.