தள்ளிப்போட்ட ஆபரேஷன்

என் இளைய மகள் ஷண்முகப்ரியாவின் முழங்கால் எலும்பில் புற்றுநோய். "அங்க மட்டும்தான் இருக்கு. இந்த வகைக்கு ஆபரேஷன்தான் வைத்தியம். இப்பவே எலும்பை எடுத்துட்டு உலோக மூட்டு வெச்சா காலைக் காப்பாத்தலாம்" என்றார் அடையாறு டாக்டர்.

மூத்தவளின் கல்யாணம் நெருங்கியிருந்தது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் குடும்பத்துக்கு இழுக்கு. தி.நகரில் என் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சின்னவளுக்குக் காலில் சுளுக்கு என்று சொல்லி, ஆபரேஷனை மூன்று மாதம் தள்ளிப்போட்டேன்.

இன்று புது ஸ்கேனில் கட்டி ரத்தக்குழாயைச் சுற்றியிருந்தது. இனி காலையே எடுத்தால்தான் உயிர் தங்குமாம்.

"ஊர்ல பெரியவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.

"அவுங்க காலாப்பா போவுது? எனக்குப் பத்தொம்பது வயசு. நானே கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாள்.

என்னைக் கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை. நர்ஸ் என்னை வெளியே உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.