ஆழ்துறையான் நாட்டில் அடுப்பில்லை

வாடை ஓயாத கார்த்திகைத் திங்களின் முற்பகல். கோணமலைப் பாறை கடலுக்குள் முகம் நீட்டி நிற்க, அதன் பின்னே குன்றுகள் அரண்செய்யும் உள்துறையில் பெருங்கலங்கள் அசையாது கிடக்க, வெளிக்கடல் மட்டும் வெண்ணுரை கக்கிப் புரண்டுகொண்டிருந்தது. நகரத் தெருக்களிலே மழையில் நனைந்த புள்ளிமான்கள் கடைவாயில்தோறும் நின்று, விற்போர் எறியும் பழத்தோலுக்குக் காத்திருந்தன. வடக்கே, நிலாவெளிக்குச் செல்லும் நெடுவழியினின்று கடற்பக்கமாய் விலகினால் வரும் சல்லி என்னும் பாக்கத்திலோ, வள்ளங்கள் யாவும் கரையேற்றப்பட்டு, கயிறு கட்டிய நிலையிற் கிடந்தன. கோணமலை உள்துறையின் ஆழத்தை அளந்தோர் உளர் என்பர் நூலறிந்தோர். அளந்து முடித்தோர் இலர் என்பர் வலையெறிவோர். கற்றறிந்த வாசகர் எவர் பக்கம் நிற்பாரோ அறியோம். யாம் வலையெறிவோர் பக்கமே நிற்கின்றோம், ஏனெனில் இக்கதையின் துயரம் அவர்களுடையது.

அன்று அப்பாக்கத்துக்கு ஒரு வள்ளத்தை நிலாவெளியார் கயிற்றில் கட்டி இழுத்து வந்தனர். புறாத்தீவுக்கு அப்பால் ஆளின்றி அலைந்ததைக் கண்டு, அதன் நிறத்தால் உரியவரை அறிந்து, கரையில் ஏற்றிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராது திரும்பிச் சென்றனர். வலையிற் பாதி வள்ளத்துள் இருந்தது. பாதி நீரில் இழுபட்டு வந்தது. இழுத்த கைகளைத்தான் காணவில்லை. அக்கைகள் லதீசனுடையவை. முப்பது அகவையினன், மணமாகாதவன், காற்று முரண்டும் நாளிலும் ‘ஒருக்காப் பார்த்திட்டு வாறன்’ என்று தனியே கடலில் இறங்கும் துணிவினன். தந்தை சிவபாதம் ஒன்பது நாள் தேடினார், ஊரார் தேடினர், கடற்படையினரும் தேடினர். கடல் எதனையும் திருப்பித் தரவில்லை.

லதீசனுக்கு ஒரே தங்கை, கஜந்தினி. பாலையூற்றிலே சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியை. அவளுக்கு ஒரு பித்து உண்டு. ஊர் அதனைப் பித்தென்றே சொல்லிற்று, யாமும் வேறு சொல் தேடினோமில்லை. இல்லாத ஓர் உலகைப் பதினைந்து அகவை தொட்டே அவள் எழுதிவந்தாள். அவ்வுலகுக்கு வேண்டிய கடவுளரை ஒருவர் பின் ஒருவராய்ப் படைத்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு நாட்டையும், ஒரு குறையையும், மீறலாகாத ஒரு சட்டத்தையும் வகுத்தாள். குறையில்லாக் கடவுளுக்குக் கதையில்லை என்பது அவள் துணிபு. மழைக்கு இறைவனாகிய காரோன் செவிடன். ஆதலால் அவன் நாட்டார் கையசைத்தே மழை வேண்டுவர். உப்பளத்து இறைவியாகிய வெண்பாத்தியாள் நிழலற்றவள். அவள் நாட்டில் எவரும் எதனையும் மறைத்துவைத்தல் இயலாது. தெருக்களின் இறைவியாகிய மான்முகத்தாள் நின்ற இடத்தில் மறுமுறை நில்லாள். அவள் நாட்டார் காலையிற் புறப்பட்ட வீட்டை மாலையில் தேடியே அடைவர்.

இவற்றையெல்லாம் முதலிற் கேட்பவன் தமையனே. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்பான்; கேட்டு நகைப்பான்; நகைத்து முடித்தபின் தவறாமல் ஒன்றே வினவுவான்: அந்நாட்டில் என்ன கறி? அவ்வினாவுக்கு விடை இல்லையேல், அதனை அவன் நாடென்றே ஏற்பதில்லை. சோறு கறி இல்லாத இடத்தில் சாமி இருந்தும் என்ன பயன் என்று கேட்டுத் தங்கையை அழும் அளவுக்குச் சீண்டுவான். அதனால் அவள், எந்த நாட்டைப் படைத்தாலும் அடுக்களையை முதலில் அமைத்து, அரியணையைப் பின்னர் அமைக்கும் வழக்கத்தினள் ஆனாள். கடவுளரை அடுப்படி வழியாய் உலகுக்குள் அழைத்துவந்தவள் அவள் ஒருத்தியாகவே இருக்கக்கூடும்.

ஒன்பதாம் நாள் தேடல் நின்றது. தாய் சீதேவி அதுகாறும் வாயில் ஒரு பருக்கையும் இடவில்லை. கண்ணில் ஒரு துளியும் விடவில்லை. அவிழ்ந்த கூந்தலும் வறண்ட உதடுமாய்ச் சுவரோரம் கிடந்த அன்னையின் அருகே கஜந்தினி அமர்ந்தாள். அவளும் அந்நாட்களில் வெறுந்தேநீரன்றி எதுவும் தொட்டதில்லை. ஆயினும் அதனை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தேற்றும் சொல் ஒன்றும் அறியாதவளாதலின், அறிந்த ஒரே தொழிலைச் செய்தாள். ஒரு கடவுளைப் படைத்தாள்.

அவன் பெயர் ஆழ்துறையான். துறையின் அடிகாணா ஆழத்திலே, உடைந்த கலங்களின் மரங்களால் வேய்ந்த வீடுகள் நிறைந்த நாட்டை ஆள்பவன். நீரில் தவறியவர் அடிநிலம் சேருமுன் அவரை ஏந்திக்கொள்பவன். தான் மட்டும் ஒருபோதும் மேலே வரமாட்டாதவன், அதுவே அவன் குறை. அங்கே என்ன கறி? வினவுவோன் இல்லாதபோதும் வினா வந்து நின்றது. கடலடியில் தீ நில்லாது; ஆகவே அந்நாட்டில் அடுப்பில்லை; ஆகவே அங்கிருப்போர்க்கு அவரவர் வீட்டாரே நாள்தோறும் பங்கு வைத்தல் வேண்டும். பங்கு தவறாத வீட்டுப் பிள்ளையை, சித்திரை முழுநிலா நாளிலே கதவு திறந்து, ஆழ்துறையான் கரைக்கு விடுத்தனுப்புவான். இவ்வாறு அவள் சொல்லச் சொல்ல, அன்னை மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெடுநேரம் கழித்துச் சீதேவி எழுந்தார். அடுப்பு மூட்டி, சோறு வடித்து, மீன் ஆக்கி, மகனின் தட்டில் பங்கு வைத்தார். பின்பு கதையில் இல்லாத ஒன்றைத் தாமே சேர்த்தார்: வைத்த பங்கைக் காகத்துக்கும் கடலுக்கும் எறிதல் ஆகாது, உடன்பிறந்தவளே உண்ணவேண்டும். அன்னையின் நம்பிக்கை குலையாதிருக்கட்டும் என்று கஜந்தினி உண்டாள். அவள் உண்டு முடித்தபின் அன்னையும் உண்டார். அன்று தொட்டு அதுவே அவ்வீட்டின் நடைமுறை ஆயிற்று.

முப்பத்தோராம் நாளாகிய அந்தியேட்டி அணுகிற்று. உடல் கிடையாதவர்க்குத் தருப்பைப் புல்லால் உருவம் முடைந்து, அதனையே உடலெனக் கொண்டு இறுதிக்கடன் கழித்தல் எம் மக்களின் வழக்கம். அதனைச் செய்வோம் என்றார் சிவபாதம். அப்போதுதான் ஆழ்துறையானுக்கு இன்னும் சட்டம் வகுக்கவில்லை என்பது கஜந்தினிக்கு நினைவு வந்தது. உடனே வகுத்தாள்: எவனுக்கு வீட்டார் வாய்க்கரிசி இடுகின்றனரோ, அவன் பெயர் அந்நாட்டு வாயிற்காவலனின் ஏட்டினின்று அழியும், அவனுக்கு இனிக் கதவு திறவாது. அன்னையின் பொருட்டே சொன்னதாக அவள் எண்ணினாள். சட்டம் கதைக்கு நன்றாகவே பொருந்தியது. கதைக்குப் பொருந்தியதை வீட்டுக்குப் பொருத்தியதே பிழை. சீதேவி கணவரை நோக்கி, வேண்டாம் எனத் தலையசைத்தார். சடங்கு நின்றது.

சித்திரை முழுநிலாவும் வந்தது. நண்பகல் முதல் கஜந்தினி கரையில் நின்றாள். அன்னைக்குத் துணையாய் நிற்பதாகச் சொன்னாள், அன்னையோ அரைநாழிகையில் வீடு திரும்பிவிட்டிருந்தார். எவனும் வரவில்லை. பயிற்சியொன்றுக்காகத் தான் கிண்ணியாவிலே இருநாள் தங்கியபோது பங்கு உண்ணப்படாது போயிற்று என்றும், தவறு ஆழ்துறையானுடையதன்று, தன்னுடையதே என்றும், அடுத்த ஆண்டு ஒருநாளும் தவறலாகாது என்றும் அவள் விளக்கினாள். சீதேவி மறுநாளும் தட்டு வைத்தார்.

ஆண்டு நிறைவு நெருங்கிய ஐப்பசியில் ஒருநாள், வள்ளத்தைக் கரையேற்றிக் கட்டிக்கொண்டிருந்த சிவபாதம் மகளை அருகே அழைத்தார். அவர் அதிகம் பேசுபவர் அல்லர். சடங்கு நின்ற நாள்முதல் மகனைப் பற்றிப் பேசியதே இல்லை.

“பிள்ளை, கடல்ல போனவன் ஒரு வருசமா ஒரு சொட்டுத் தண்ணியில்லாமல் நிக்கிறான். அது நான் ஊத்தவேண்டிய தண்ணி. நான் சொன்னால் கொம்மா கேளா. நீதான் கதைக்கவேணும்.”

அச்சொல் கஜந்தினியைச் சுட்டது. பசியென்றால் பொறாத தமையன், தன் கதை ஒன்றினால் எள்ளும் நீரும் இன்றி இங்குமில்லாது அங்குமில்லாது நிற்கின்றான் என்பதை அவள் அன்றுதான் எண்ணிப் பார்த்தாள். தாயை வாழ்விக்கச் சொன்ன பொய், தமையனைப் பட்டினி போட்டுவிட்டது. அப்பொய்யை உடைத்தால் அன்னை என்னாவாரோ என்ற அச்சமும், உடையாது விட்டால் அண்ணன் என்னாவானோ என்ற அச்சமும் அவளை இருபுறமும் நெருக்கின. மூன்று நாள் சொல்லெடுத்துச் சொல்விழுங்கி, நான்காம் நாள் அடுக்களைக்குச் சென்றாள். அன்னை பாறைமீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அந்தச் சாமி நான் உண்டாக்கின சாமி. அப்பிடி ஒரு இடமும் இல்லை. என்னைக் கோவிக்காதேங்கோ.”

சீதேவி மீனினின்று கண்ணை எடுக்காமலே ஓம் என்று இசைந்தார். அப்படியானால் கொப்பர் சொல்லுறபடி செய்வம் என்றார். அவ்வளவே. ஆண்டொன்று அவ்வீட்டை ஆண்ட கடவுள் ஒரே சொல்லில் நாடிழந்தான். கஜந்தினிக்கு மனம் ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை. அன்னை மீது காரணம் புரியாத சினம் மூண்டது. பிள்ளையை இத்துணை எளிதாய் விட்டுக்கொடுத்தாரே என்று உள்ளே குமைந்தாள். அன்று அண்ணனின் பங்கை அவள் வழக்கத்தினும் கூடுதலாய் உண்டாள்.

குறித்த நாளில் தாய்மாமன் கனகரத்தினம் முற்றத்தில் அமர்ந்து தருப்பை முடைந்தார். தலை ஒன்று, கை இரண்டு, கால் இரண்டு. அதற்கு மேல் புல்லுக்கு முகம் வைக்க எவராலும் இயலவில்லை. லதீசனின் நீலச் சட்டையையும் சாரத்தையும் போர்த்தியபோது, அவ்வளவு நேரம் புல்லாய்க் கிடந்தது திடீரென அவனாயிற்று. சூழநின்ற பெண்டிர் வாய்விட்டு அழுதனர். வாசற்படலைக்கு அப்பால் பெண்கள் செல்லும் வழக்கம் இல்லை. ஆடவரே தூக்கிச் சென்று கடலோரம் தீயிடுவர். ஆதலால் பெண்டிர்க்கு வாய்க்கரிசியே கடைசி விடைபெறல். முதலிற் சீதேவி இட்டார். அடுத்து மாமி இட்டார். அடுத்து கஜந்தினியின் கையில் அரிசி கொடுக்கப்பட்டது.

அவள் குனிந்தாள். கை மூடியது, திறக்கவில்லை. குருக்கள் இருமுறை சொல்லியும் திறக்கவில்லை. பின்பு, முற்றம் முழுதும் கேட்க, அவள் குரலே அவளுக்கு அயலாய் ஒலிக்க, சொன்னாள்:

“தூக்காதேங்கோ. அண்ணான்ர பேர் அழிஞ்சிடும். கதவு பூட்டிடும், அம்மா.”

சொன்ன பிறகே தான் சொன்னது இன்னதென்று அவளுக்கு விளங்கிற்று. அந்த நாட்டில் இவ்வாண்டு முழுதும் குடியிருந்தவள் அன்னை அல்லள், தானே. முழுநிலா நாளில் கரையில் நின்றவள் தானே. எவரையும் தேற்றுவதற்காக அன்று. தமையனை விட்டுவிடத் தன்னால் இயலாமையினாலேயே அச்சட்டத்தை வகுத்திருந்தாள். வெட்கமும் துயரமும் ஒருங்கே பொங்க, ஊரார் நடுவே மூடிய கையோடு நின்றாள்.

சீதேவி வந்து அந்தக் கையைப் பற்றினார். மகளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

“எனக்கு முதல் நாளே தெரியும், பிள்ளை. ஒன்பது நாளா நீயும் சாப்பிடேல்லை. கண் உள்ளுக்குப் போய், செத்தவளைப்போல இருந்து அந்தக் கதையைச் சொன்னனி. கொண்ணன்ர பங்கெண்டால் தின்பாய் எண்டுதான் நான் தட்டு வைச்சனான்.”

கஜந்தினி அன்னையை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவனை நான் அண்டைக்கே கடலுக்குக் குடுத்திட்டன். உன்னையும் குடுக்க ஏலாமல்தான் அவனை இவ்வளவு நாளும் தண்ணியில்லாமல் விட்டனான். இப்ப நீ தேறிட்டாய். அவன் பசியோட நிக்கிறான். போடு.”

விரல்கள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. அரிசி வியர்வையில் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. கஜந்தினி அதனை மற்றக் கையால் வழித்து, முகமில்லாத அந்தப் புல்லின் வாய் இருக்குமென்று தோன்றிய இடத்தில் இட்டாள். அண்ணா என்று ஒருமுறை அழைத்தாள். ஓராண்டில் முதன்முறையாக அழுதாள். ஆடவர் உருவத்தைத் தூக்கிப் படலையைக் கடந்தனர். சிவபாதம் நீர்க்குடம் தோளில் சுமந்து முன்னே நடந்தார்.

பெண்டிர் முற்றத்தைக் கழுவத் தொடங்கினர். சீதேவி மகளின் முகத்தைத் தம் சேலைத் தலைப்பால் துடைத்து, அவள் மூச்சு சீராகும்வரை அருகே நின்றார். சீரான பிறகு, மெல்ல ஈரத்தரையில் அமர்ந்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, இசைவு கேட்பவரைப் போல மகளை நோக்கினார்.

“இனி நான் அழட்டே, பிள்ளை?”

அதன்பின் எழுந்த ஓலம் வாடைக்காற்றையும் தாண்டிக் கடல்வரை சென்றது. நீர்க்குடத்தோடு நடந்த சிவபாதம் ஒருகணம் நின்று, திரும்பிப் பாராமலே மேலே நடந்தார். இல்லாத கடவுளரை ஆக்கும் ஆற்றல் மகளுக்கு வாய்த்திருந்தது. உள்ள துயரத்தை ஓராண்டு இல்லாததாக்கி, பிள்ளை உண்டு முடிக்கும்வரை காத்திருக்கும் ஆற்றல் தாய்க்கு வாய்த்திருந்தது. இவ்விரண்டில் எது பெரிதென வினவுவோர்க்கு விடை சொல்ல யாம் துணியோம். அத்தாயின் அழுகை ஓயும்வரை தலைதாழ்த்தி நிற்றலே எமக்கு இயல்வது.