தடைக்கால அப்பா

ஏழாம் வகுப்பு 'பி' பிரிவின் வாசலில் நின்று அரை மணி நேரம் கத்தித் தீர்த்த பிறகுதான், மகள் படிப்பது ஒன்பதாம் வகுப்பு என்று கோதண்டத்துக்குத் தெரிந்தது. "எம் பொண்ணு பேரே ரிஜிஸ்டர்ல இல்லன்ற, இன்னா ஸ்கூல் நடத்துறீங்கோ?" என்று அவன் போட்ட சத்தத்தில் முன் பெஞ்சுக் குழந்தை ஒன்று அழுதே விட்டது.

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். வீட்டில் ஒழுங்காகத் தங்குவது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். அப்போது பள்ளிக்கூடமும் லீவு. மற்ற நாளில் கரைக்கு வந்தால் தோஸ்துகளோடு சீட்டாட்டம். எந்த வருடத் தடைக்காலத்திலோ காதில் விழுந்த 'ஏழாவது' அப்படியே நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. இன்று பெற்றோர் கூட்டம் என்று மனைவி நீலா தள்ளிவிட்டதால் வந்திருந்தான்.

"ரெண்டு கிளாஸ்தானே டீச்சர், கடல்ல இத்தவிட வழி தப்பிப்போயிகூட கரை சேர்ந்துக்கீறோம்" என்று ஒன்பதாம் வகுப்பு தேவகிருபை டீச்சரிடம் இளித்தான்.

டீச்சர் சிரிக்கவில்லை. "சினேகா பன்னெண்டு நாளா ஸ்கூலுக்கு வரல. காய்ச்சல்னு உங்க கையெழுத்துல லெட்டர் மட்டும் வருது. இப்படியே போனா பரீட்சை எழுத முடியாது, தெரியுமா?"

அவன் எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை.

காலடிப்பேட்டை வீட்டுக்குள் புயலாக நுழைந்தான். நீலா அப்போதுதான் மீன்கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். மகள் மூலையில் இருந்தாள்.

"அப்பனுக்கே அல்வாவாடி?" என்று கையை ஓங்கினான்.

நீலா அந்தக் கையைப் பிடித்தாள். "கைய எறக்குய்யா! மொதல்ல புள்ளய இன்னான்னு கேளு."

சினேகா நிமிராமல் சொன்னாள். "தெனமும் ஒருத்தன் பைக்ல பின்னாடியே வர்றான். ஒருநாளு துப்பட்டாவ புடிச்சு இஸ்த்தான். பயமா இருந்துச்சு, போவல."

"எவன் அவன்? பேரச் சொல்லு, கண்டம் பண்ணிர்றேன்!" கோதண்டம் வாசலுக்கும் சுவருக்குமாகக் குதித்தான். குதிப்பது அவனுக்குச் சுலபம். "ஏன்டி அப்பாகிட்ட சொல்லல? ஏன் சொல்லல?"

இப்போது அவள் நிமிர்ந்து, அவன் கண்ணையே பார்த்தாள்.

"சொன்னேன். போன மாசம், நீ சீட்டாடிக்கினு இருந்தப்போ. 'உம் மூஞ்சிக்கும் ஒருத்தன் வர்றானா'ன்னு கேட்டுட்டு சிரிச்ச. உன் தோஸ்துங்களும் சிரிச்சாங்க. இப்போ குதிக்காதப்பா. சோறு போட்டுட்டா அப்பா வேல முடிஞ்சிடாது. புள்ள பயந்துகினு வந்து சொல்றப்போ சிரிக்காம கேக்கணும், அதான் அப்பா வேல. அன்னிக்கு நீ கேட்டிருந்தா, நான் ஸ்கூலுக்குப் போயிருப்பேன்."