தொண்ணூற்றேழு விழுக்காடு

கணினித் திரையில் திறந்திருந்த விண்ணப்பத்தில், புகைப்படத்தின் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஊதாப் புடவைக் கரை தெரிந்தது. தாமரையின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். அது அவளுடைய புடவை. பிறகுதான் முகம். அதற்கும் பிறகு பெயர்: குகன் த/பெ வேலாயுதம், கிள்ளான்.

அவள் கணவன்.

தம்பி கல்யாணத்தில் இருவரும் சேர்ந்து நின்ற படத்திலிருந்து அவளை வெட்டிவிட்டு, தன்னை மட்டும் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்தான். கடைசியாக வேலை செய்த இடம் செராஸ், பிப்ரவரி வரை என்று இருந்தது.

இது ஜூன்.

இன்று காலைகூட கிள்ளான் ரயில் நிலையத்தில் அவளை இறக்கிவிட்டுத்தானே போனான்? "லேட்டாச்சு தாமரை, செராஸ்ல ஜாம் புடிச்சுக்கும்" என்றானே? அவன் கழுத்தில் அலுவலகத்தின் நீல நாடா தொங்கியது. அதில் கோத்த அடையாள அட்டை எப்போதும்போலச் சட்டைப் பைக்குள். நான்கு மாதமாக அந்தப் பைக்குள் என்ன இருந்தது?

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கணினித் துறைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனத்தில் உட்கார்ந்துகொண்டு, வேலை போனவர்களின் முகத்தை ஒரே பார்வையில் தெரிந்துகொள்வேன் என்று பெருமை பேசுகிறவள் அவள். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகத்தைப் பார்க்காமலே இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் அவன் எந்த விளம்பரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான் என்று கவனித்தாள்.

அது அவள் எழுதிய விளம்பரம். அப்படி ஒரு வேலையே கிடையாது.

ஏப்ரலில் முதலாளி கமலநாதன் சொல்லியிருந்தார். "யாரும் ஆள் எடுக்கலம்மா. ஏஐ வரட்டும், அப்பறம் பாப்போம்னு உக்காந்திருக்கானுங்க. அதுக்காக நாம சும்மா இருந்தா, நாளைக்கு மார்க்கெட் திரும்பறப்ப கையில ஒரு ஆளும் இருக்காது. விளம்பரம் போடு. ரெசுமே சேரட்டும்லா." பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலக மாடியில் தொங்கும் நிறுவனப் பெயர்ப்பலகைக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று, இந்த விளம்பரங்களுக்கு மட்டும் வேறொரு நிறுவனப் பெயர் வைத்தார்கள்.

இதையெல்லாம் தாமரை வீட்டில் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் விளம்பரத்தில் ஏதாவது எழுத வேண்டுமே. ஒருநாள் சாப்பிடும்போது, "உங்க சர்வர் வேலையில தெனமும் என்னதான் செய்வீங்க?" என்று குகனிடம் கேட்டாள். பிட்ட தோசை கையிலேயே காய்ந்துபோகும் அளவுக்கு அவன் பேசினான். பாதியில் நின்றுபோகும் பேக்கப், யாரும் தொடப் பயப்படும் பழைய சர்வர், அதைத் தான் மட்டும் வழிக்குக் கொண்டுவந்த கதை. மனைவி தன் வேலையைப் பற்றிக் கேட்கிறாளே என்று மகிழ்ந்துபோய்ப் பேசுகிறான் என்று நினைத்தாள். மறுநாள் எல்லாவற்றையும் அப்படியே விளம்பரமாக எழுதிவிட்டாள்.

அப்போது அவன் வேலை போய் இரண்டு மாதம்.

விண்ணப்பத்தோடு ஒரு கடிதமும் இருந்தது. இந்த விளம்பரம் என்னை நன்றாக அறிந்த ஒருவர் எழுதியதுபோல் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.

"தாமரை!" கண்ணாடி அறையிலிருந்து கமலநாதன் கூப்பிட்டார். "அந்த சர்வர் விளம்பரத்துக்கு ஒருத்தன் தொண்ணூத்தேழு பர்சன்ட் பொருந்தறான்னு சிஸ்டம் காட்டுது. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கான்லா!"

"பாஸ்..."

"ரெண்டாவது சுற்றுக்கு வந்துட்டீங்கன்னு மெசேஜ் தட்டிட்டேன். ஆள் ஆறிப்போகாம இருக்கட்டும்."

"வேலையே இல்லையே பாஸ்."

"இல்லன்னு யாரு சொன்னா? இன்னும் வரல, அவ்ளோதான்." சிரித்தார்.

அவர் என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவன் மறைத்தது இந்த அறையில் அம்பலமாகிவிடும். தன் இடத்துக்குத் திரும்பினாள்.

மாலை ரயிலில் வழிநெடுக ஒரே கேள்வியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏன் மறைச்சீங்க? என்னைப் பார்த்தா பயமா? கிள்ளானில் இறங்கியபோது அது கூர்மையாகவே தயாராக இருந்தது.

காருக்குள், வேர்க்கடலை வைத்து மடித்த அப்பம் பாலிக் வாசம். குகனின் கழுத்தில் நீல நாடா.

"சூடா இருக்கு, சாப்பிடு." அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ஒரு விஷயம். செராஸ் ஆபிஸ் போரடிக்குது. மாறலாம்னு பாக்கறேன். ஒரு கம்பெனியில ரெண்டாவது சுற்றுக்குக் கூப்பிட்டிருக்காங்க. பாரேன், எனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு!" கைப்பேசியை நீட்டினான்.

அவளுடைய வரிகள். ஒரு சொல்கூட மாறாமல்.

தயார்செய்த கேள்வி எங்கே போனதென்று தெரியவில்லை. "அத நான்தான் எழுதினேன்" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. "அட, உங்க ஆபிஸ்தானா? அப்ப சிபாரிசு பலமா இருக்கும் போலயே!"

"அந்தக் கம்பெனியே கிடையாதுங்க. பாஸ் ரெசுமே சேக்கச் சொன்னாரு. உங்ககிட்ட கேட்டுத்தான் எழுதினேன். உங்க விண்ணப்பத்துல பிப்ரவரி வரைன்னு போட்டிருந்ததயும் பாத்தேன்."

சிரிப்பு அவன் முகத்திலேயே சிறிது நேரம் இருந்தது, எடுத்துவைக்க மறந்துபோன பொருள்போல. பிறகு நாடாவைத் தலைவழியாகக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து வெளியே இழுத்தான். முனையில் கொக்கி மட்டும் இருந்தது; அட்டை இல்லை.

நான்கு மாதம் அவன் சொன்ன பொய்யும், இரண்டு மாதம் அவள் சொல்லாமல் இருந்ததும் அப்பம் பாலிக் பொட்டலத்தோடு நடுவில் கிடந்தன. எது பெரிது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. குகன் காரை எடுக்கவில்லை.

"எத்தன பேரு இதுக்கு விண்ணப்பம் போட்டிருக்காங்க?" என்றான்.

"நானூத்திப் பதினொண்ணு."

"அவங்களுக்கெல்லாம் யாரு சொல்லுவா?"

லோரி மறுபடியும் ஹாரன் அடித்தது. தாமரை கைப்பையைத் திறந்து அலுவலக மடிக்கணினியை வெளியே எடுத்தாள். "வண்டிய எடுங்க" என்றாள். "வீட்டுல உக்காந்து எல்லாருக்கும் உண்மைய எழுதணும். நீங்க பக்கத்துல இருங்க."