பூட்டப்பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு மகன்

எங்கள் இணையத்தளத்தில் மரண அறிவித்தல் போடுவது என் வேலை. சரியாகச் சொன்னால், அதைப் போடும் நிரலை எழுதுவது. ஆனால் யாழ்ப்பாணத்தில் நான்கு பேர் இருக்கும் அலுவலகத்தில், நிரல் எழுதுகிறவளே தொலைபேசியும் எடுக்க வேண்டும். அன்று காலையிலிருந்து ஐந்து மரணம். யாருக்காகவும் வருத்தப்பட எனக்குத் தெம்பு மிச்சமில்லை.

மத்தியானம் புத்தூரிலிருந்து ஒருவர் அழைத்தார்.

"தங்கச்சி, நான் காலமான அருளம்பலத்தின்ரை மகன், சுரேஸ். உங்கடை அறிவித்தலிலை என்ரை பேர் எங்கை கிடக்குது எண்டு பாத்தனீங்களோ?"

பார்த்தேன். அருளம்பலம், மகள் தவமலர், தவமலரின் மகன் பிரவீணன், பிரவீணனின் இரண்டு குழந்தைகள், பிறகு தவமலரின் மகள் கோபிகா. எல்லோருக்கும் கீழே, கடைசியாக, சுரேஸ்.

"கனடாவிலை பால்போத்தலோடை திரியிற பூட்டப்பிள்ளையளுக்குப் பின்னாலையோ பெத்த மகன்? நாளைக்கு விடியக் கிரியை. அதுக்கு முதல் மாத்துங்கோ."

"மாத்திறன் அண்ணை" என்று வைத்துவிட்டேன். எரிச்சல் வந்தது. தகப்பன் வீட்டில் பிரேதமாகக் கிடக்கிறார், இந்த மனுசனுக்குப் பெயர் எங்கே வருகிறது என்பதுதான் கவலை.

எங்கள் முதலாளி எமில்ராஜ் எட்டிப் பார்த்து, "கையாலை மாத்திவிடுமன் சாருஜா" என்றார். மாற்றலாம். அடுத்த அறிவித்தலிலும் இதே கூத்து நடக்கும்.

பிழை என்னுடையதுதான். குடும்பத்தை ஒரு மரமாக வைத்திருந்தேன். ஒருவர், அவருக்குக் கீழே இடது பிள்ளை, வலது பிள்ளை. இரண்டுக்கு மேல் இன்னும் இடம் வைக்கவில்லை. அந்தச் சண்டை இனித்தான் வரும். என் நிரல் இடது கிளையைப் பிடித்தால் அதன் நுனிவரை போய்விட்டுத்தான் வலது பக்கம் திரும்பும். சோதிக்கும்போது என் வீட்டு ஆட்களைப் போட்டிருந்தேன். நான் ஒற்றைப் பிள்ளை. கிளையே பிரியாத மரத்தில் என்ன பிழை தெரியும்?

கடதாசியில் கீறிப் பார்த்தேன். வேண்டியது ஒரு வரிசை. முன்னால் நிற்பவரை எடுத்துப் பெயரை எழுத வேண்டும், அவர் பிள்ளைகளை வரிசையின் வாலில் நிறுத்த வேண்டும். அருளம்பலம் போனதும் தவமலரும் சுரேசும் நிற்பார்கள். தவமலரை எடுத்தால் அவர் பிள்ளைகள் சுரேசுக்குப் பின்னால்தான் சேர முடியும். ஒரு தலைமுறை முடியாமல் அடுத்தது வராது. பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்கு எழுதிப் புள்ளி வாங்கிய விஷயம், மொத்தம் பத்து வரி. அந்தப் பத்து வரிக்குள் இரண்டு தடவை தடுக்கி விழுந்தேன். ஒருமுறை பிள்ளைகளை வாலில் விடாமல் தலையில் நிறுத்திவிட்டேன். பாவம், சுரேஸ் மறுபடியும் கடைசிக்குப் போனார்.

மூன்றரைக்குச் சரிவந்தது. அருளம்பலம். அடுத்து தவமலர், சுரேஸ். அடுத்து பிரவீணன், கோபிகா. அதன் பிறகே குழந்தைகள். சுரேசை அழைத்தேன்.

"இப்ப பாருங்கோ அண்ணை. அக்காவுக்குப் பக்கத்திலை வருது."

பின்னால் செத்தவீட்டு ஆட்கள் கதைப்பது கேட்டது.

"ஓம். மகன் சுரேஸ் எண்டு கிடக்குது" என்றார். "குறை நினையாதையுங்கோ தங்கச்சி, சத்தம் போட்டிட்டன்."

"பரவாயில்லை அண்ணை."

"ஏழு வருசம் ஐயாவைக் குளிக்க வாத்து, சோறு தீத்தினது நான்தான். அவருக்கு நினைவு தப்பிப்போச்சு. பின்னேரத்திலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, 'தம்பி, நீர் நல்ல பிள்ளை, என்ரை மகன் எப்ப வாறான் எண்டு ஆரையும் கேட்டுச் சொல்லுமன்' எண்டுவார்."

எனக்கு வெட்கமாக இருந்தது.

"நான் வந்திட்டன் எண்டு கடைசிவரைக்கும் அவருக்குத் தெரியாது, தங்கச்சி" என்றார் சுரேஸ்.