லொரைன் இடதுபக்கம் திரும்பினாள்

நான்கு நாள் பனிச்சறுக்குக்குப் போகலாம் வா என்று லொரைன் தொலைபேசியில் கூப்பிட்டபோது டெஸ்ஸாவுக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: இவளுக்கு என்ன வேண்டும்?

லொரைன் ஏழு வருடமாக அப்பாவின் மனைவி. அந்த ஏழு வருடத்தில் இருவரும் பேசியதை ஒரு தாளில் எழுதிவிடலாம். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும். நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு ஒரே மேசையில் வான்கோழி சாப்பிடுவார்கள். "ரோடு எப்படி இருந்துச்சு?" "பரவால்ல, ஐஸ் இல்ல." அவ்வளவுதான். இப்போது திடீரென்று பயணிகள் தங்கும் மலைப் பண்ணை, இருவர் மட்டும், செலவு முழுக்க லொரைனுடையது, அப்பாவைப் பக்கத்து வீட்டு மார்வா பார்த்துக்கொள்வாளாம்.

"ஏதோ கையெழுத்து வாங்கப் போறா," என்றான் டெஸ்ஸாவின் கணவன் கர்ட். "பேனா எடுத்துட்டுப் போகாத."

டெஸ்ஸா சிரிக்கவில்லை. சந்தேகப்படுவதுதான் அவளுடைய வேலையே. ஆலங்கட்டி விழுந்து பயிர் போய்விட்டது என்று காப்பீடு கேட்பவர்களின் வயலுக்குப் போய், போனது ஆலங்கட்டியாலா, அதற்கு முன்பே வறட்சியாலா என்று பார்த்து எழுதுவது. பதினாறு வருடமாக கோதுமைத் தண்டைப் பார்ப்பதைவிட ஆட்களின் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். பொய் சொல்பவன் கேட்காததற்கும் பதில் சொல்லுவான் என்பது அவளுக்குத் தெரியும்.

லூயிஸ்டவுனிலிருந்து லொரைன் காரை ஓட்டிக்கொண்டு வந்து, கிரேட் ஃபால்ஸில் அவளை ஏற்றிக்கொண்டாள். அறுபத்தைந்து வயதிலும் முதுகு வளையாத பெண். நான்கு மணி நேரம் வானிலையைப் பற்றியே பேசினாள். பண்ணை வாசலில் இறங்கியபோது, குதிரைக் கொட்டிலிலிருந்து வைக்கோல் ஒட்டிய தொப்பியோடு ஓர் ஆள் வந்தான். பண்ணையை நடத்தும் டுவேன்.

"வாங்க வாங்க. பனி நேத்து ராத்திரிதான் விழுந்துச்சு. உங்களுக்காகன்னே சொல்லி வச்சேன்," என்றான். லொரைனைப் பார்த்தவன் ஒரு நொடி நின்றான். பிறகு குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டான்.

"இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று டெஸ்ஸா லொரைனைக் கேட்டாள். சும்மா கேட்டதுதான்.

"இல்லையே. முதல் தடவை. யாரோ நல்லாருக்கும்னு சொன்னாங்க, பத்திரிகையிலயும் பார்த்தேன், சரி போய்ப் பார்ப்போம்னு..."

ஒரு கேள்விக்கு மூன்று பதில். டெஸ்ஸா அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மலை உச்சியிலிருந்து பாய்ந்து இறங்கும் சறுக்கு இல்லை இது. காட்டுக்குள் ஒரு காலை மாற்றி ஒரு கால் தள்ளி, மணிக்கணக்காகப் போய்க்கொண்டே இருப்பது. டுவேன் விடியற்காலையில் பனி வண்டி ஓட்டி, தண்டவாளம்போல் இரண்டு பள்ளங்களை அழுத்தி வைத்திருந்தான். பைன் மரங்களிலிருந்து பனி பொத்தென்று விழும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. டெஸ்ஸாவுக்கு அந்தச் சத்தமின்மை பிடித்திருந்தது. லொரைனை மறந்துகூட விட்டாள்.

ஓடையைத் தாண்டியதும் தடம் இரண்டாகப் பிரிந்தது. வழிகாட்டிப் பலகை பனியில் புதைந்திருந்தது. டெஸ்ஸா வரைபடத்தை எடுக்கக் கையுறையைக் கழற்றுவதற்குள் லொரைன் இடதுபக்கம் திரும்பிவிட்டாள்.

"இப்படிப் போவோம். அந்தப் பக்கம் மேடு ஜாஸ்தி."

"எப்படித் தெரியும்?"

லொரைன் ஊன்றுகோலை அழுத்தி நின்றாள். "பார்த்தா தெரியலையா?"

டெஸ்ஸா பார்த்தாள். வலதுபக்கத் தடம் முப்பது அடியில் மரங்களுக்குள் மறைந்திருந்தது. மேடா பள்ளமா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

அன்று மதியம் டுவேன் குதிரைகளுக்குத் தீனி போடும் இடத்துக்குப் போய் நின்றாள்.

"எங்க லொரைன் முன்னாடி இங்க வந்திருக்காங்களா டுவேன்?"

"எனக்கு எங்க ஞாபகம்! வருஷத்துக்கு முந்நூறு பேரு வர்றாங்க. மூஞ்சி எல்லாம் கலந்து போயிடும்." வைக்கோலை உதறிப் போட்டான். "என் மனைவி பேரே சில நேரம் மறந்துடுது. அதுக்கு வாங்குன திட்டு மட்டும் மறக்கல."

அரை மணி நேரத்தில் ஸ்போகேனிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அவர்கள் நாயை டுவேன், "டே பிஸ்கெட், போன தடவை கடிச்ச செருப்புக்குக் கணக்கு எங்கடா?" என்று கேட்டான். நாயின் பெயர்கூட ஞாபகம் இருக்கிறது!

மாலையில், அலுவலக அறையில் இருந்த தொலைபேசியில் லொரைன் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி எடுக்காது. கதவு சரியாகச் சாத்தவில்லை. ஒட்டுக் கேட்கக் கூடாது என்று டெஸ்ஸாவுக்குத் தெரியும். இருந்தும் காலணியைக் கழற்றுகிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்தாள்.

"இல்ல மார்வா, இன்னும் சொல்லல... அவ மூஞ்சியப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்குது. நாளைக்கு மேல குடிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க வச்சுச் சொல்லிடுறேன். அவரு சாப்பிட்டாரா?"

அப்பாவை ஏதோ முதியோர் விடுதியில் தள்ளப் போகிறாள், வீட்டை விற்கப் போகிறாள் என்று டெஸ்ஸா முடிவு கட்டினாள். அம்மா நட்ட லைலாக் செடிகள் உள்ள வீடு. அதைச் சொல்ல எதற்கு நான்கு மைல் காட்டுக்குள் போக வேண்டும்? நான் கத்தினால் யாருக்கும் கேட்கக் கூடாது என்றா?

மறுநாள் மேகம் தாழ்ந்து இறங்கியிருந்தது. குடில் வரை லொரைன் ஒரு வார்த்தை பேசவில்லை. டெஸ்ஸா வேண்டுமென்றே பின்னால் போனாள். பாதி வழியில் ஓர் இடத்தில் லொரைன் வேகத்தைக் குறைத்து, தலையைத் தாழ்த்தினாள். தாழ்ந்து தொங்கிய கிளை அடுத்த வளைவில்தான் இருந்தது. வளைவு திரும்பும் முன்பே குனிந்துவிட்டாள்.

குடில் என்பது ஒற்றை அறை. ஓர் இரும்பு அடுப்பு, ஒரு பெஞ்சு, வருகிறவர்கள் எழுதி வைக்கும் நோட்டுகள் அடுக்கிய ஒரு பலகை.

"நீ உக்காரும்மா. நான் விறகு எடுத்துட்டு வரேன்," என்று லொரைன் வெளியே போனாள்.

கதவு மூடியதும் டெஸ்ஸா நோட்டுகளை இழுத்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் வருடம் எழுதியிருந்தது. லொரைன் என்ற பெயரைத் தேடிப் புரட்டினாள். நான்காவது நோட்டில் அவள் கை நின்றது. பத்து வருடத்துக்கு முந்தைய பிப்ரவரி. பெயரைப் பார்க்கும் முன்பே கையெழுத்துதான் கண்ணில் பட்டது. கட்டம் கட்டமான பெரிய எழுத்து. 7 என்ற எண்ணின் நடுவில் ஒரு கோடு. மாவட்டப் பாலங்களுக்கு முப்பது வருடம் வரைபடம் போட்ட அப்பாவின் கை.

'பனி அருமை. லொரைன் இரண்டு முறை விழுந்தாள். நான் ஏழு முறை. விர்ஜில்.'

தேவாலயத்து விருந்தில் சந்தித்தோம் என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். அம்மா போய் ஒரு வருடம் கழித்து. ஆனால் நோட்டில் இருந்த பிப்ரவரிக்கு அடுத்த வருடம் அக்டோபரில்தான் அம்மா இறந்தாள்.

அந்த வாரம் டெஸ்ஸாவுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பா பாலப் பொறியாளர்கள் கூட்டத்துக்கு டென்வர் போயிருந்தார். அம்மாவின் இருதயம் அப்போதே பலவீனம். வீட்டுச் சூடேற்றி பழுதாகிவிட்டது என்று டெஸ்ஸா ஓடினாள். மூன்று நாள் இருவரும் சமையலறையில், அடுப்புக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தரையில் படுத்தார்கள். "உங்கப்பா பாவம்," என்று அம்மா சொன்னாள். "ஓட்டல்ல என்னத்த சாப்பிடுறாரோ."

லொரைன் விறகோடு உள்ளே வந்தாள். திறந்த நோட்டைப் பார்த்தாள். விறகை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நானே எடுத்துக் காட்டணும்னுதான் கூட்டிட்டு வந்தேன்," என்றாள். "தைரியம் வரட்டும்னு வெளிய நின்னேன். நான் வாயால சொன்னா நீ நம்ப மாட்ட. அவரு கையெழுத்த நம்புவ."

"முதல் தடவைன்னு சொன்னீங்க."

"நீ கேட்ட வேகத்துல பயந்துட்டேன். எவ்வளவு நாள்னு நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். மூணு வருஷம். உங்கம்மா உயிரோட இருக்கும்போது."

டெஸ்ஸா நோட்டை மூடினாள். "பத்து வருஷம் மறைச்சீங்க. இப்ப என்ன வந்துச்சு? செத்துப் போறதுக்கு முன்னாடி பாரத்த இறக்கி வைக்கிறீங்களா?"

"எனக்காக இல்ல." லொரைன் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்தாள். "உங்கப்பாவுக்கு ஞாபகம் போய்க்கிட்டிருக்கு. டாக்டர் சொல்லிட்டார். நவம்பர்ல மேசையில உன் முன்னாடியே பழச ஆரம்பிச்சார், பேச்ச மாத்த நான் தட்டைக் கீழ போட்டு உடைச்சேன், ஞாபகமிருக்கா? தினம் சாயங்காலம் ஆனா என்னை உங்கம்மா ஜாய்ஸ்னு நினைச்சுக்கிறார். என் கையப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்பு கேக்கறார். எதுக்குன்னு உனக்குத் தெரியும்ல? நானும் 'சரி, விடுங்க'ன்னு சொல்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? ஒரு நாள் உங்கிட்டயும் கேப்பார். அன்னிக்கு நீ அங்க நின்னு முழிக்கக் கூடாதுன்னுதான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு அவரு சொன்னார்."

"நீங்க நம்புனீங்களா?"

லொரைன் விறகை எடுத்து அடுப்புக்குள் அடுக்கத் தொடங்கினாள்.

டெஸ்ஸா பலகைகளை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இறக்கத்தில் கண்ணீர் மறைத்து இரண்டு இடத்தில் விழுந்தாள். மூக்கில் பனி ஏறியது. விழுந்து கிடந்தபோதும் அவள் மூளை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஞாபகம் போவது நிஜமா? வீட்டை விற்க ஒரு முன்னேற்பாடா? அழுகிற விவசாயிகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! சிலர் நிஜமாகவே அழுதுகொண்டே பொய் சொல்லுவார்கள்.

சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. வெயில் சாய்ந்ததும் அலுவலக அறைக்குப் போய் அப்பா வீட்டு எண்ணைச் சுழற்றினாள். அங்கே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த டுவேன் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தான்.

"ஞாபகம் இல்லைன்னு சொன்னது பொய்தான்மா," என்றான் வாசலில் நின்று. "விருந்தாளி விஷயத்தை விருந்தாளிதான் சொல்லணும்." கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போனான்.

மார்வா எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள்.

"ஹலோ," என்றாள் டெஸ்ஸா.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. டெஸ்ஸாவின் குரல் அப்படியே அம்மாவின் குரல் என்று எல்லோரும் சொல்லுவார்கள்.

"ஜாய்ஸ்? ஜாய்ஸ், நான் டென்வருக்குப் போகல."

லொரைன் பொய் சொல்லவில்லை. தொலைபேசியை வைத்துவிடலாம் என்று டெஸ்ஸா நினைத்தாள். ஆனால் அம்மாவுக்குத் தெரியுமா என்று குடிலில் கேட்டு விடை கிடைக்காத கேள்வி அவளை வைக்க விடவில்லை.

"தெரியும்," என்றாள். அவள் வாழ்க்கையில் தான் விசாரிக்கும் ஒருவரிடம் பொய் சொன்னது அதுவே முதல் முறை.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றார் அப்பா. "பெட்டிய நீதானே அடுக்குன. கம்பளிக் கையுறை ரெண்டு ஜோடி வச்சிருந்த. பாலக் கூட்டத்துக்கு எதுக்கு ரெண்டு ஜோடி? ஒண்ணு உன்னோடது ஜாய்ஸ். அங்க போய்த் திறந்து பார்த்தப்ப எனக்கு... நீயும் கேக்கல, நானும் சொல்லல. என்னை மன்னிச்சுடு."

டெஸ்ஸாவுக்கு இப்போதுதான் புரிந்தது. சமையலறைத் தரையில் தன் பக்கத்தில் படுத்திருந்த அம்மா, எல்லாம் தெரிந்தும் மகளுக்காகவே 'உங்கப்பா பாவம்' என்று பேசியிருக்கிறாள். பதினாறு வருடம் முகங்களைப் படித்தவள், ஓர் அடி தூரத்தில் இருந்த அந்த முகத்தைப் படிக்கவில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்றாள். வேறு எதுவும் வரவில்லை.

"சூப் குடுத்தாங்க," என்றார் அப்பா. "உப்பே இல்ல."

மறுநாள் காலை உணவு மேசையில் லொரைன் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. டெஸ்ஸா எதிரே போய் அமர்ந்து காபி ஊற்றிக்கொண்டாள்.

"அந்த பிப்ரவரியில அப்பா உங்களுக்குக் கையுறை ஏதாவது குடுத்தாரா?"

லொரைன் யோசித்தாள். "ஆமா. நீலம். என்னோடதைக் காருல மறந்துட்டு வந்திருந்தேன்." கையிலிருந்த முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "புதுசு இல்ல. கட்டைவிரல்ல தைச்சிருந்துச்சு. யாரோடதுன்னு நான் கேக்கல. கேக்காம இருக்கறதுதான் அப்ப என் வேலையா இருந்துச்சு. ஏன் கேக்கற? அவரு என்ன சொன்னார்?"

சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை இந்தப் பெண்ணை மிச்ச நாள் முழுக்கத் தூங்க விடாது. டெஸ்ஸாவுக்கு அந்த ஆசை ஒரு கணம் நிஜமாகவே இருந்தது.

"ஒண்ணுமில்ல. குளிரப் பத்திப் பேசிட்டிருந்தார்."

லொரைன் அவள் முகத்தையே பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் மறுபடி கேட்கவில்லை. பான்கேக் தட்டை இவள் பக்கம் நகர்த்தினாள்.

ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள். காரில் வானிலையைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. ஹெலனா தாண்டியபோது, "ஞாயித்துக்கிழமை நான் வந்து அப்பாவப் பார்த்துக்கறேன். நீங்க எங்கயாவது போயிட்டு வாங்க," என்றாள் டெஸ்ஸா.

"நீ வந்து என்ன பண்ணுவ? அவரு உன்னையும்..."

"தெரியும். கேக்கட்டும்."

மார்ச் முதல் ஞாயிறு அவள் போனாள். லொரைன் ஒரு மணி நேரம் கார் சாவியோடு வாசலிலேயே நின்றாள், இவர்கள் உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல். பிறகுதான் கிளம்பினாள்.